டிராயிங்குக்கு இரண்டாவது ஆள்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை என்னுடையது. வெல்டர், தச்சர், பெயின்டர் என்று எல்லோரும் என் கண் முன்னால்தான் வேலை செய்வார்கள். நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். கண்ணுக்குத் தெரியாத ஆள் வேலை செய்கிறார் என்றால் என் மனசு ஒப்பவே ஒப்பாது. அப்படிப்பட்டவனுக்குத்தான் வீட்டிலிருந்து வேலை செய்யும் ஆள் தேவைப்பட்டது.

கட்டும் பாடிக்கு முறையான டிராயிங் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்று அரசு விதி வந்துவிட்டது. அதுவரை நாங்கள் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் கட்டியவர்கள். டிராயிங்கையும் கட்டிய வண்டியையும் அதிகாரிகள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தவறினால் புது வண்டிக்குப் பாடி கட்ட முடியாது. பட்டறையில் இருக்கும் பதினான்கு பேரும் வேறு இடம் தேட வேண்டியதுதான். அதிகாரிகள் வர ஒரு மாதம் இருந்தது. உதிரிபாகக் கடைக்காரர் ஒரு எண் கொடுத்தார். சேந்தமங்கலத்துப் பெண், மெக்கானிக்கல் படித்தவர், குழந்தை பிறந்த பிறகு கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸாக டிராயிங் போட்டுத் தருகிறார் என்றார்.

"பாத்துப் பண்ணிக் குடுங்க அம்மிணி" என்றேன் போனில். எங்கள் பக்கம் வேலை கொடுக்கிற லட்சணம் அதுதான். என்ன வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டோம்; பிறகு அது இல்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம். அவர் விடவில்லை. "பாத்துத்தான் பண்ணோணுமுங்க. அதுக்கு நான் வண்டியப் பாக்கோணுமுங்களே" என்று மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார். மாதிரிக்குக் கட்டியிருந்த வண்டியின் அடியில் டேப்போடு மல்லாந்து படுத்து அளந்தார். என் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். குறுக்குச் சட்டம் எத்தனை, ஏன் அத்தனை என்று கேட்டுக் கேட்டு என்னைப் படுத்தி எடுத்தார். பாதிக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியவில்லை. கிளம்பும்போது, "பதினஞ்சு நாள்ல குடுத்தர்றேனுங்கண்ணா. தினமும் சாயங்காலம் நானே கூப்பிட்டுச் சொல்றேன். நீங்க கூப்பிடாதீங்க, பாப்பா முழிச்சுக்கும்" என்றார்.

சொன்னபடி தினமும் கூப்பிட்டார். இருந்தும் ஐந்தாம் நாள் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் பக்கம் போர்வெல் போடுவதற்கு முன், உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்க ஒருவரை அழைத்து வருவோம். அவர் தலை மறைந்ததும் இன்னொருவரை அழைத்து வருவோம். இருவரும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் ரிக் வண்டிக்குச் சொல்வது. அந்தப் புத்தி எங்கே போகும்? சேலத்தில் ஒருவரைப் பிடித்து, இதே வேலையை அவருக்கும் கொடுத்தேன். அவர் வரவுமில்லை, அளக்கவுமில்லை. மூன்றே நாளில் பளபளவென்று ஒரு டிராயிங்கை அனுப்பிவிட்டார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதை அந்தப் பெண்ணுக்கே அனுப்பி, "தெரிஞ்சவரு பட்டறையோடதுங்க அம்மிணி. இப்படி இருந்தாப் போதும்" என்றேன்.

பத்து நிமிடத்தில் அழைத்தார். "அண்ணா, இதுல குறுக்குச் சட்டம் எட்டு இருக்குதுங்க. நம்மளது பத்து. பின்னாடித் தடுப்போட உசரமும் வேற. இதக் குடுத்தா வண்டிய அளந்து பாத்ததுமே திருப்பி அனுப்பிருவாங்க." பிறகு கேட்டார்: "வேற யாருகிட்டயாச்சும் குடுத்திருக்கறீங்களாங்க?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவர் "நம்மளது" என்று சொன்னது என்னை என்னவோ செய்துவிட்டது.

"ஆமாங்க அம்மிணி. பயத்துல பண்ணிப்போட்டேன்."

"சரிங்கண்ணா. நான் பண்ணட்டுங்களா, நிறுத்திக்கட்டுங்களா? அத மட்டும் சொல்லுங்க."

"நீங்களே பண்ணுங்க" என்றேன். அன்று சாயங்காலமும் வழக்கம்போல் கூப்பிட்டு, வேலை எதுவரை முடிந்தது என்று சொன்னார். நானும் சேலத்துக்காரரிடம் போதும் என்று சொல்லிவிட்டு, காத்திருந்தேன். பதினைந்தாம் நாள் டிராயிங் வந்தது. அதிகாரிகள் வந்து அரை நாள் அளந்தார்கள். ஓரிடத்திலும் வித்தியாசம் இல்லை. ஒப்புதல் கிடைத்த அன்று பதினான்கு பேருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, புதுச்சத்திரத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒருவரை டீக்கடையில் பார்த்தேன். "உங்களுக்கு டிராயிங் போட்ட அம்மிணிய நாங்களும் கேட்டமுங்க" என்றார். "அவசரம், பணம் கூடவே தர்றோம்னு சொன்னோம். முடியாதுன்னுட்டாங்க. 'ஒருத்தருக்குச் சொல்லிப்போட்டேனுங்க, அவரு என்னைய நம்பி இருக்காரு'ன்னாங்க."

எப்போது கேட்டீர்கள் என்றேன். சொன்னார். நான் சேலத்து ஆளைப் பிடித்த அதே வாரம்.

அந்தப் பெண்ணுக்கு நான் இன்னும் நேரில் நன்றி சொல்லவில்லை. எதிரில் போய் நின்றால் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.