கரடியோடு மலையேறிய எங்கள் அண்ணன்

அண்ணன் அவர்கள் நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். இத்தகைய மலர்களில் மறைந்தவரின் புகழை மட்டும் எழுதுவதே நாகரிகம் என்று அறிவேன். அப்படி இரண்டு பக்கம் எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். அண்ணனுக்கு நேர்ந்தவற்றை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆத்திரமே வருகிறது. அதில் ஒரு பங்கு என் மேலேயே வருகிற ஆத்திரம். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

அண்ணன் கொல்லிமலை நாடுகளுள் ஒன்றான வாழவந்தி நாட்டில் பிறந்தவர். எங்கள் பெற்றோருக்கு அவர் மூத்தவர், நான் கடைசி. இடையில் பிறந்த இருவரும் மலைக் காய்ச்சலில் போய்விட்டார்கள். சாமையும் கேழ்வரகும் விளைகிற சரிவு நிலம் எங்களுடையது. அதன் மேல் விளிம்பிலேயே காடு தொடங்கிவிடும். அண்ணன் பள்ளிக்கூடம் கண்டதில்லை. ஆனால் எந்த மரத்தில் எப்போது பழம் உதிரும், அதைத் தின்ன முதலில் எந்த விலங்கு வரும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லுவார்.

அவருக்குப் பதினெட்டு வயதிருக்கும்போது வேட்டைக்கு வந்த துரை ஒருவர் ஒரு தாய்க்கரடியைச் சுட்டார். அதன் முதுகு மயிரைப் பற்றிக்கொண்டு கிடந்த குட்டியைக் கீழே கொண்டுபோக ஆள் தேடினார்கள். அண்ணன் கூடையில் வைத்துச் சுமந்து இறங்கினார். குட்டி வேறு எவர் கையிலும் பால் குடிக்கவில்லை. அதனால் கூடையோடு அவரையும் ரயிலேற்றி, கடலோரத்து நகரம் ஒன்றின் மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பிவைத்தார்கள். ஒரு வாரத்தில் திரும்புவதாகச் சொல்லிப் போனவர், பதினாறு ஆண்டுகள் அங்கேயே விலங்குகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்துவிட்டார். அந்த நகரத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அண்ணியார் சொல்லியிருக்கிறார். எனக்கும் அதில் சம்மதமே.

அங்கே சிங்கம், சிறுத்தை, மான், குரங்கு என்று எல்லாம் அவர் பார்வையில் இருந்தன. சாணத்தைப் பார்த்தே எதற்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுவார். எந்த விலங்கையும் அவர் அடித்ததில்லை. எல்லாவற்றுக்கும் தீனி வைத்து முடித்த பிறகுதான் தாம் சாப்பிடுவார். கரடிக் குட்டிக்குக் ‘கண்ணு’ என்று பெயர் வைத்தார். கூண்டின் பலகையில் ஏதோ ஓர் இங்கிலீஷ் பெயர் எழுதியிருந்தது. கண்ணு என்று அழைத்தால்தான் அது திரும்பும்.

ஆனால் அவர் சொல்லை அங்கே யார் கேட்டார்கள்? கண்ணுவுக்குத் தினமும் ரொட்டியும் பாலும் கொடுத்தார்கள். “அதுக்குப் பழமும் கரையானும் வேணுமுங்க” என்று அண்ணன் சொன்னபோது, புத்தகத்தில் ரொட்டி என்றுதான் போட்டிருக்கிறது என்று சூப்பரின்டெண்ட் முடித்துவிட்டார். கூண்டின் தரை சிமெண்டு. தோண்ட மண் இல்லாததால் நகங்கள் வளைந்து வளர்ந்து உள்ளங்காலில் குத்தின. மாதம் ஒரு முறை அண்ணன் அதன் காலை மடியில் வைத்துக்கொண்டு அரத்தால் ராவிக் குறைப்பார். கூண்டில் ஒரு வண்டி மண் கொட்டினால் போதும் என்று கேட்டு மனுக் கொடுத்தார். அவருக்கு எழுத்து தெரியாது. ஆகவே லீவில் வரும்போதெல்லாம் என்னிடம் சொல்லி எழுதச் சொல்லுவார். என்னைக் கீழே அனுப்பிப் படிக்கவைத்து, மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியனாக்கியவர் அவரே. மனுவுக்கு மேல் மனுவாக எழுதினேன். நாலாம் வருடம் மண் வந்தது. கூண்டுக்கு அல்ல, சூப்பரின்டெண்ட் பங்களாவின் ரோஜாச் செடிகளுக்கு.

பிறகு யுத்தம் கடற்கரைக்கு வந்துவிட்டது என்று நகரம் காலியான அந்தச் சித்திரை மாதம் வந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் விலங்குகள் தெருவில் இறங்கிவிடும், ஆகவே ஆபத்தான விலங்குகளைச் சுட்டுவிட வேண்டும் என்று உத்தரவாயிற்று. பட்டியலில் கண்ணுவும் இருந்தது. அண்ணியாரை ஏற்கனவே ஊருக்கு ரயிலேற்றி அனுப்பியிருந்த அண்ணன், சூப்பரின்டெண்ட் முன்னால் போய் நின்றார்.

“கரடிய எங்க மலைக்கே கூட்டிப் போயிடறனுங்க. அங்கதான் புடிச்சது.”

அந்த அதிகாரி எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார்: “உன் கரடிய நான் பாக்கல. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அது கூண்டுல இருந்தா சுட்டுடுவாங்க. இல்லேன்னா நான் கேக்கப் போறதில்ல.”

“ஒரு சீட்டு எழுதிக் குடுங்க சாமி. வழியில கேப்பாங்க.”

“சீட்டு குடுத்தா என் வேலை போயிடும். போ.”

மறுநாள் விடிந்ததும் கண்ணுவுக்கு வாய்க்கட்டுப் போட்டுக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அண்ணன் வெளியேறினார். நகர எல்லையைத் தாண்டும்போது துப்பாக்கிச் சத்தம் கேட்டது. கூண்டுகளின் வரிசை அவருக்கு மனப்பாடம். எந்தச் சத்தம் எந்த விலங்குக்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். அதன்பின் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

சீட்டு இல்லாததால் ரயிலில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். இருபத்திரண்டு நாள் நடந்தே வந்தார். கரடி வித்தைக்காரர் என்று எண்ணி ஊருக்கு ஊர் கூட்டம் கூடியது. பயந்த குழந்தைகளுக்குத் தாயத்துக் கட்டக் கரடி மயிர் கேட்டார்கள். இவர் பிடுங்கித் தர மாட்டேன் என்றதும் திட்டினார்கள். கண்ணுவின் பாதம் வெடித்து ரத்தம் வந்தபோது தம் வேட்டியைக் கிழித்துச் சுற்றினார். பேளுக்குறிச்சிக்கு அவர்கள் வந்து சேர்ந்தது சந்தை நாளில். கத்தரிக்காய்க் கூடைக்காரர்களெல்லாம் எழுந்து ஓட, ஒரு பெரியவர் மட்டும் நின்று கேட்டார்.

“ஏனுங்க, கரடி ஆடுமுங்களா?”

“ஆடாதுங்க.”

“அப்பறம் எதுக்குங்க கூட்டியாறீங்க?”

அதே கேள்வியைத்தான் நானும் கேட்டேன். ‘வருக’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. “என்னங்கண்ணா இப்படிச் செஞ்சுபோட்டீங்க! சுடட்டும்னு உட்டுட்டு வர வேண்டியதுதானுங்களே” என்றேன். இளைத்துக் கறுத்து நின்ற அவர் என்னைப் பார்த்து, “தாயி செத்தப்பறம் காட்டுலேருந்து அதத் தூக்கிட்டுப் போனது நானு தம்பி. நாந்தான் கொண்டாந்து உடோணும்” என்றார்.

விட்டார். ஆனால் கண்ணு போகவில்லை. எங்கள் நிலத்துக்கு மேலே ஓடைக்கு அப்பால் விட்டார். அவருக்கு முன்னதாகவே வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தது. இன்னும் உள்ளே கொண்டுபோய் விட்டார். மறுநாள் திரும்பிற்று. மூன்றாம் முறை ஒரு பகல் முழுக்க நடந்து திருப்புலி நாட்டுப் பக்கம் விட்டு வந்தார். ஐந்தாம் நாள் தோள் கிழிந்து வந்தது. காட்டுக்கரடி எதுவோ குதறியிருக்கிறது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டிக்கொண்டே அண்ணன் அழுதார்.

“புத்தைப் பாத்தாத் தோண்டோணும்னு அதுக்குத் தெரியல தம்பி. என்ற கையப் பாக்குது.”

ஊரார் பயந்ததில் தவறில்லை. பலா பழுக்கிற காலம், பெண்களும் பிள்ளைகளும் தோப்பில் நடமாட வேண்டும். ஊர்க் கவுண்டர் நயமாகவே சொன்னார்: “சர்க்கார் கடுதாசி ஒண்ணு காட்டுங்க, வெச்சுக்கங்க. இல்லீன்னா பாரஸ்டு கார்டு வந்து சுட்டாலும் எங்கள நோவாதீங்க.” காட்டிலாகா கார்டும் அதையே சொன்னார். அண்ணன் காட்டோரத்தில் கல்சுவர் எழுப்பி, மேலே பலாமரச் சட்டங்கள் போட்டுக் கண்ணுவை அதில் வைத்தார். கரடியை இவரிடம் ஒப்படைத்தது உண்மை என்று ஒரு வரி எழுதித் தரும்படி மிருகக்காட்சி சாலைக்கு நான் மனு எழுதினேன்.

பதில் வந்தது. மேற்படி கரடி உத்தரவின்படி மற்ற விலங்குகளோடு சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டது என்றும், இல்லாத விலங்குக்குச் சான்று வழங்க இயலாது என்றும், மனுதாரர் சொல்லாமல் வேலையைவிட்டு ஓடியவர் என்றும் அதில் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்று நான் மலையேறிப் போய் அதை அண்ணனிடம் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. அவர் மனம் ஒடிந்துபோவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பெட்டியில் வைத்துப் பூட்டினேன். போகும்போதெல்லாம் “கடுதாசி வந்துச்சா சாமி?” என்பார். “வருமுங்கண்ணா, யுத்த காலமில்லீங்களா” என்பேன். பத்து மாதம் இப்படிச் சொன்னேன்.

அந்தப் பத்து மாதமும் அண்ணன் செய்தது ஒன்றே. கண்ணுவைக் கயிற்றில் அழைத்துப் போய்ப் புற்றுக்கு முன்னால் நிறுத்துவார். மண்டியிட்டுத் தம் இரு கைகளாலும் புற்றைத் தோண்டுவார். கரையான் கொத்தாக வெளிவரும். கண்ணு அவர் கையிலிருந்து நக்கித் தின்னும். அடுத்த புற்றுக்குப் போவார்கள், அங்கேயும் அவர்தான் தோண்டுவார். அதன் முன்காலைப் பிடித்து மண்ணில் வைத்து, “இப்படிக் கண்ணு, இப்படி” என்பார். அது காலை எடுத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்கும். நகம் பெயர்ந்து அவர் விரல்களில் சீழ் கட்டியது. ஊரார் சிரித்தார்கள். நானும் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், “உங்களுக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சுங்களா?” என்று கத்திவிட்டேன். அண்ணியாருக்கும் வருத்தம் இருந்தது. “எனக்குக் காச்சல் வந்தப்ப நெத்தியத் தொட்டுப் பாக்கலீங்க. அது ஒரு நாளு கூழு குடிக்கலைன்னா ஊரையே கூட்டினாரு” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்னவர்தாம் கண்ணுவுக்குத் தினமும் கூழ் காய்ச்சினார்.

பொய் எத்தனை நாள் நிற்கும்? கார்டு தாமே மேலதிகாரிக்கு எழுதிக் கேட்டு, எனக்கு முன்பே அனுப்பப்பட்ட அந்தப் பதிலின் நகலை வாங்கி வந்து அண்ணன் முன்னால் வாசித்தார். இல்லாத கரடியைப் பிடித்துப் போக வழியில்லை என்று அவரும் குழம்பித் திரும்பிப் போனார். அடுத்த ஞாயிறு நான் போனபோது அண்ணன் கோபப்படவில்லை.

“பத்து மாசமா வரலேன்னியே தம்பி.”

அன்று முதல் நான் எதைச் சொன்னாலும் சரி என்பார், பிறகு வேறொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். மழை பெய்தது என்று நான் சொன்னால்கூட அப்படித்தான்.

அதற்குப் பிறகும் இரண்டாண்டுகள் புற்றைத் தோண்டினார். கண்ணு தோண்டியதை அவர் ஒரு நாளும் பார்க்கவில்லை.

சென்ற ஆண்டு மலைக் காய்ச்சல் அவரைப் பிடித்தது. கொய்னா மருந்து வாங்கிக்கொண்டு நான் மேலே போய்த் தங்கினேன். அவரைக் கவனிக்கிற கவலையில் நானும் அண்ணியாரும் கண்ணுவை மறந்தே போனோம். மூன்றாம் நாள் காலை நினைவு வந்து, கூழ்ச்சட்டியோடு ஓடினேன். அடைப்பு காலியாக இருந்தது. சுவருக்கு அடியில், உட்புறமிருந்து, ஓர் ஆள் நுழையுமளவு பள்ளம். கிளறிய மண் உள்ளே குவிந்து கிடந்தது. கற்களில் நகக் கீறல்கள். சுவடு ஓடையைத் தாண்டிக் காட்டுக்குள் போயிருந்தது. அன்றும் திரும்பவில்லை, மறுநாளும் திரும்பவில்லை.

நான் ஓடி வந்து அண்ணன் காதருகே சொன்னேன். “அண்ணா, கண்ணு போயிருச்சுங்க. காட்டுக்கே போயிருச்சுங்க.”

அவர் கண்ணைத் திறந்தார். “சுட்டுப்போட்டாங்களா? சொல்லிப்போடு தம்பி.”

“இல்லீங்கண்ணா! சொவத்துக்கு அடியில தோண்டிக்கிட்டுப் போயிருக்குதுங்க.”

“அதுக்குத் தோண்டத் தெரியாது, சாமி.”

அண்ணியாரும் வந்து சொன்னார். “நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்க” என்று அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம் என்றால் அசைக்க முடியாத நிலை. கிளறிய மண்ணை முறத்தில் அள்ளிவந்து காட்டினேன். கீறல் விழுந்த கல் ஒன்றையும் பெயர்த்து வந்து அவர் கையில் வைத்தேன். விரலால் அந்தக் கீறலைத் தடவிப் பார்த்தார். “நல்லாத்தான் செஞ்சிருக்கறே” என்றார். நான் ஆணியால் கீறிக் கொண்டுவந்தேன் என்று நினைத்துவிட்டார். என் வாழ்நாளில் நான் சொன்ன மிகப் பெரிய உண்மை அது. அதை அவரை நம்பவைக்க என்னால் முடியவில்லை. இரண்டு நாள் கழித்துக் காலமானார்.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். பேச உரிமை இருந்தும் துன்பத்தைப் பேசாமல் சுமந்த அண்ணியாருக்கு; அஞ்சியபோதும் கல்லெறியாத ஊராருக்கும் ஊர்க் கவுண்டருக்கும்; இருபத்திரண்டு நாள் வழியில் தண்ணீரும் பழைய சோறும் கொடுத்த, பெயர் தெரியாத வீட்டாருக்கு; இறுதிக் காரியத்துக்கு மழையில் மலையேறி வந்த பேளுக்குறிச்சி நண்பர்களுக்கு; எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒருவரிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். திருப்புலி நாட்டில் தேன் எடுக்கும் ஒருவர், கருமாதி முடிந்த மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். தோளில் பழைய தழும்புள்ள கிழட்டுக் கரடி ஒன்று, காட்டுக்குள் ஒரு புற்றை இரண்டு கைகளாலும் வாரித் தோண்டிக்கொண்டிருந்ததைக் கண்டதாகச் சொன்னார். எப்போது என்று கேட்டேன். அண்ணன் இறப்பதற்கு முந்தின நாள் என்றார். அன்றைக்கே வந்து சொல்வதற்கென்ன என்று நான் அவரைக் கூச்சலிட்டுத் திட்டிவிட்டேன். அவர் தேன்குடுவையை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. இம்மலரை அவருக்கு யாரேனும் வாசித்துக் காட்டினால், நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவர் கண்டதை நான் நம்புகிறேன் என்றும் சொல்லுங்கள்.