அப்பா எடுத்த பந்து

போட்டியன்று காலை, ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியிருந்த நோத்ர-டாம்-த-கிரேஸ் வீட்டில், பயத்தில் இடியப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுவிட்டு, ஒரு வாய்கூட வைக்காமல் எழும்பினேன். உயர்பள்ளி கோல்ஃப் அணியில் நாங்கள் நான்கு பேர். பந்தைக் குழிகளில் போட நான்கு பேரும் அடித்த அடிகளைக் கூட்டி, குறைந்த எண்ணிக்கை உள்ள அணிக்குத்தான் வெற்றி. மற்ற மூவரும் சின்ன வயதிலேயே மட்டை பிடித்தவர்கள். நான் பள்ளியில் காசில்லாமல் சொல்லித்தருகிறார்களே என்று சேர்ந்தவள். என் ஒருத்தியால் எல்லாம் கவிழ்ந்துவிடும் என்ற பயம் என்னை விட்டதே இல்லை.

இன்னொரு பயமும் இருந்தது. அப்பா பார்க்க வந்திருந்தார். சென்ட் லோரன்ட் பக்கம் இரவு வேலை முடித்து வந்து, நித்திரை கொள்ளாமல் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தவர். கிரிக்கெட்டில் ஊறிய மனிதர். கத்தக்கூடாது, எனக்கு யோசனை சொல்லக்கூடாது என்று வழியெல்லாம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"ஓம் பிள்ளை, நான் வாயே துறக்க மாட்டன்," என்றார்.

கடைசிக் குழிவரை வாக்கைக் காப்பாற்றினார். அதற்குள் மற்ற மூவரும் ஆடி முடித்து, தூரத்தில் கொடியருகே எனக்காக நின்றார்கள். ஐந்து அடியில் நான் முடித்தால் மாகாண இறுதிப் போட்டிக்குப் போவோம். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, என் கைகளுக்கும். வியர்வையில் மட்டை வழுக்கியது. அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து மேப்பிள் மரங்களுக்குள் விழுந்தது.

தேட மூன்று நிமிடம்தான். கிடைக்காவிட்டால் அபராதத்தோடு பழைய இடத்துக்கே திரும்பிப்போய் அடிக்கவேண்டும். அத்தோடு கதை முடிந்தது. சருகுக்குள் குனிந்து குனிந்து தேடினேன்.

"பிள்ளை, பந்து அம்பிட்டுட்டுது! இந்தா!"

அப்பா மரங்களுக்குள்ளிருந்து வந்தார், பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு. கிரிக்கெட்டில் வெளியே வந்த பந்தை எடுத்துக் கொடுப்பதுதானே மரியாதை. கோல்ஃபில் கிடக்கும் பந்தைத் தொடவே கூடாது என்பதை மட்டும் நான் சொல்லியிருக்கவில்லை.

"ஐயோ, அப்பா!"

என்னோடு ஆடிய எதிரணிப் பெண் கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டாள். கறுத்த தொப்பியும் இடுப்பில் வோக்கி டோக்கியுமாக ஓர் ஆள் அப்பாவை நோக்கி விறுவிறுவென்று நடந்து வந்தார். அப்பாவின் சிரிப்பு நின்றுபோனது. பந்து பிடித்த கை இறங்கவே இல்லை. மற்றக் கையும் மெல்ல மேலே போனது, விரல்கள் விரிந்தபடி. எங்கள் வீட்டில் ஊரில் இருந்த இராணுவச் சோதனைச் சாவடிகளைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. ஆனாலும் அந்தக் கைகள் எங்கே பழகியவை என்று எனக்கு விளங்கியது. போட்டியை மறந்து, அவருக்காகப் பயந்தேன்.

நடுவரே பதறிவிட்டார். தண்டனை ஒன்றுமில்லை, எடுத்த இடத்திலேயே வைத்தால் போதும் என்று பிரெஞ்சில் சொன்னார். நான் அதைத் தமிழில் அப்பாவுக்குச் சொன்னேன்.

பந்து கிடந்த இடம் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்திலேயே நல்ல புல்தரை இருந்தது. அங்க வையுங்கோ அப்பா, அங்க வையுங்கோ என்று மனதுக்குள்ளேயே கெஞ்சினேன். அவர் நேரே போய், இரண்டு பருத்த வேர்களுக்கு நடுவில் பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மட்டை வேரில் மோதி முழங்கைவரை அதிர்ந்தது. பந்து ஒரு துள்ளு துள்ளி அங்கேயே விழுந்தது. ஏழு அடியில் முடித்தேன். இறுதிப் போட்டி போய்விட்டது. அணியில் யாரும் என்னைத் திட்டவில்லை, யாரும் என்னோடு கதைக்கவும் இல்லை.

காரில் ஏறியும் அப்பா சாவியைத் திருப்பவில்லை.

"நான் புல்லில வைச்சிருந்தா வெண்டிருப்பியளோ?"

"ஓம்," என்றேன். எனக்குக் கோபம் ஆறியிருக்கவில்லை.

"எனக்கும் அது விளங்கினது பிள்ளை. ஆனா அந்தாள் பாத்துக்கொண்டெல்லோ நிண்டவர். பொய் எண்டு பிடிபட்டா, உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருப்பாங்கள்."

எங்கே என்று நான் கேட்கவில்லை.