பதில் சொல்லாத சேர்வர்

எங்கள் வெள்ளவத்தைக் கிளையில் கணினிகள் உறைந்துபோனால் அவர்தான் வருவார். ஒல்லியான மனிதர். எதையும் தொடுமுன் கோட்டைப் பகுதியிலுள்ள தலைமை அலுவலகத்துக்குக் கோல் எடுத்து, சேர்வர் அறையில் வேலை செய்யும் நண்பரிடம், "சாப்பிட்டியோ மச்சான்?" என்று கேட்பார். பிழையைப் பற்றிய கதை அதற்குப் பிறகுதான்.

அன்று எல்லாத் திரைகளும் ஒன்றாக நின்றுவிட்டன.

"பிழை இஞ்ச இல்லை மிஸ். ஃபைலுகள் எல்லாம் அங்கதான். அங்கத்தைய சேர்வர்தான் பதில் தராமல் நிக்குது," என்றவர் கோல் எடுத்தார். லைன் கிடைக்கவில்லை. "ஃபோனைச் சரியா வைக்காமல் போயிட்டான் போல," என்று சிரித்தார்.

வாசல் காவலாளி ஓடிவந்தார். "கோட்டையில குண்டு! எங்கட கட்டடமே இல்லையாம்!"

என் கணினியை அணைக்கப் போனேன். சேர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன் என்று திரையில் ஓர் ஆங்கில வரி நின்றது.

"அணைக்காதேங்கோ மிஸ். அது கேட்டுக்கொண்டு நிக்கட்டும்," என்றார்.

ஃபோனை எடுத்து, மறுபடியும் அதே இலக்கங்களை அழுத்தினார்.