அக்காவின் புல்தரையில் முளைத்தது

போன ஞாயிற்றுக்கிழமை காலை மருங்காபுரியிலிருந்து அக்கா போன் செய்தாள். வழக்கமாக ‘சாப்பிட்டியா?’ என்றுதான் ஆரம்பிப்பாள். அன்றைக்கு எடுத்ததுமே, “தம்பி, எனக்குப் பயமா இருக்குடா. உடனே கிளம்பி வா” என்றாள்.

அத்தான் காலமான பிறகு அக்காவுக்கு இருப்பதெல்லாம் கறவை மாடுகளும், அவை மேய ஒரு துண்டுப் புல்தரையும்தான். நான் இருப்பது ஸ்ரீரங்கத்தில். தாவரவியல் படிக்கும் மகளையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மணப்பாறையில் ஜன்னலோரம் வந்த முறுக்கைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், என் நிலைமை உங்களுக்குப் புரியும்.

போய்ப் பார்த்தால் தரை பச்சைப்பசேல்! இதற்கா இந்த அலறல்? சிரிக்கப்போனேன்.

“கிட்டப் போய்ப் பாரு” என்றாள் அக்கா.

குனிந்தேன். ஆளுயரக் களைகளுக்கு நடுவே, எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேலங்கன்று. விரல் நீளம்தான்... அதற்குள் முள்!

சிரிப்பு நின்றுபோயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதுவும் ஒருகாலத்தில் புல்தரைதான். இப்போது கருவேலங்காடு. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. போன வருஷம் வழிதவறி நுழைந்த அக்காவின் கிடேரி, ஒரு கண்ணைப் பறிகொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தது.

“இதுவும் அப்படி ஆயிட்டா, மாடுங்கள சந்தைக்குத்தான்டா ஓட்டணும். அப்புறம் நான் எதை வச்சுப் பொழைக்கிறது?” என்றாள்.

எப்படி வந்தது இது? புல் இன்னும் செழிக்கட்டுமே என்று, ஸ்ரீரங்கத்துப் பக்கம் ஒரு கோசாலையிலிருந்து சாணம் வாங்கி லோடு லோடாகக் கொட்டியிருக்கிறாள். உள்ளூர்ச் சாணத்தைக் கிட்டேயே சேர்க்கமாட்டாள். கருவேலங்காய் தின்ற மாட்டின் சாணத்தில் விதை செரிக்காமல் வரும் என்பது அவளுக்கு அத்துப்படி.

“பெருமாள் ஊரு பசுவாச்சே... அகத்திக்கீரையும் வாழைப்பழமும்தானே திங்கும்னு நெனச்சேன்டா!”

நன்றாக நினைத்தாள், போங்கள்! பக்தர்கள் வந்தால் அகத்திக்கீரை. வராத நாளில் கொள்ளிடக்கரை மேய்ச்சல். அந்தக் கரையில் என்ன நிற்கிறது? சாட்சாத் அதே கருவேலம்தான்.

“சரிடி, விதை வந்துடுச்சு. என் நரிப்பயறு எங்க போச்சு? புல்லுக்குள்ள கொடியா ஓடுமே, மாடு அப்படி விரும்பித் திங்குமே?” என்று என் மகளைக் கேட்டாள்.

“நரிப்பயறும் கருவேலமும் ஒரே குடும்பம்தான் அத்தை. காத்துல இருக்கிற நைட்ரஜனை வேர்ல பிடிச்சு சாப்பாடாக்கிக்கும். ஒண்ணுமில்லாத மண்ணுல நரிப்பயறு அதை வச்சுத்தான் ஜெயிச்சுது. நீங்க சாணம் கொட்டினதும் எல்லாத்துக்கும் சாப்பாடு கிடைச்சுடுச்சு. களை உயரமா வளர்ந்து அதை அமுக்கிடுச்சு. கருவேலம் மரமாச்சே, களையைத் தாண்டி எழும்பிடும்; அதுக்குச் சாணத்துல இருக்கிற பாஸ்பரஸ் விருந்து மாதிரி.”

சாணம் போய்ச்சேராத மேட்டு மூலையில் மட்டும் நரிப்பயறு மஞ்சள் பூவோடு படர்ந்திருந்தது. பூமிக்கு நல்லது செய்கிறோம் என்று நாம் செய்வதெல்லாம் நல்லதுதானா? சும்மா விட்ட இடம்தான் பிழைத்திருக்கிறது என்று நினைக்க, எனக்கு அந்த மூலையைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கருவேலத்தை வெட்டினால் மறுபடி தழைத்துவிடும். வேரோடு பிடுங்க வேண்டும், அதுவும் இப்போதே. மூன்று பேரும் பொழுது சாயும்வரை பிடுங்கினோம். கையெல்லாம் ரத்தம். பாதிகூட முடியவில்லை. மண்ணுக்குள் இன்னும் எத்தனை விதை காத்திருக்கிறதோ!

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“சாணம் போடறதுக்கு முன்னால இருந்த மாதிரி இந்த மண்ணு மறுபடி ஏழையாயிடுமாடி?”

“ஆகும் அத்தை... ஆனா வருஷக்கணக்காகும்” என்றாள் மகள்.

மறுநாள் ஸ்ரீரங்கம் திரும்பியதும் கோயிலுக்குப் போனேன். சந்நிதியில் அத்தனை பேரும் செல்வம் கேட்டுக் கைகூப்பி நிற்க, நான் மட்டும் வாய்விட்டே வேண்டிக்கொண்டேன் — “ரங்கா, எங்க அக்கா மண்ணைச் சீக்கிரம் ஏழையாக்கிடுப்பா!”