ரூபனின் சிரிப்பு

இன்று லுணுகலை பஸ்ஸில் ரூபனின் அம்மாவைக் கண்டேன்.

ரூபன் எங்கள் பவர் பாப் இசைக்குழுவின் பாடகன். நான் கிட்டார். குழு ஒரு வருடம்கூட முழுதாக ஓடவில்லை, ஒரே ஒரு பாட்டைத்தான் பதிவு செய்தோம். பிறகு மடுல்சீமை மண்சரிவில் அவன் இறந்துபோனான். குழுவும் அதோடு முடிந்தது.

அவன் அம்மாவின் போனில் அந்தப் பாட்டு இருந்தது.

"அடிக்கடி கேப்பீங்களாம்மா?"

"பாட்டு எனக்கு வெளங்காதுப்பா, ஒரே சத்தம். கடைசியில சிரிக்கிறான்ல, அதுக்காகத்தான் போடுறேன்."

நான் கிட்டாரைத் தப்பாக வாசித்ததற்குத்தான் அவன் சிரித்தான் என்று சொன்னேன்.

"நீதானாப்பா அது?" என்று கேட்டவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். இறங்கும்வரை விடவில்லை.

இதைப் படிப்பவர்களில் யாராவது எங்கள் ஒத்திகைகளைப் போனில் எடுத்திருந்தால் அனுப்புங்கள். நான் சொதப்பியவையாகப் பார்த்து அனுப்புங்கள்.