ஒஃபாவின் மண்மேட்டில் அம்மாவும் சின்னம்மாவும்

பயணக் கட்டுரை எழுதும் அளவுக்கு நான் ஊர் சுற்றியவள் இல்லை. இதில் வீட்டுக் கதையும் கலந்துவிடும். முதலிலேயே மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஒஃபாவின் மண்மேடு, எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மெர்சியா அரசன் ஒஃபா மேற்கே இருந்த வேல்சு அரசுகளுக்கு எதிரே எழுப்பிய எல்லை. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதனால் "பாடத்திலை படிச்ச இடத்தைப் பாக்கவேணும்" என்றால் அம்மா மறுக்கமாட்டார். உண்மைக் காரணம் வேறு. அந்த மேடு ஊடறுத்துப் போகும் நைட்டன் என்ற சிற்றூரில்தான் சின்னம்மா கடை வைத்திருக்கிறார். அண்ணாவின் கலியாணத்துக்கு அம்மா நேரில் போய்ச் சொல்லாமல் வாட்ஸ்அப்பில் அட்டை அனுப்பியதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. வருகிற ஆவணியில் எனக்குக் கலியாணம். சித்திரை விடுமுறையில் புறப்பட்டோம்.

பரிஸில் நாங்கள் இருக்கும் லா சப்பலிலிருந்து கார் து நோர் ரயில் நிலையம் நடைதூரம்தான். லண்டனுக்கு ரயிலில் இரண்டேகால் மணி நேரம். அன்றிரவு ஷ்ரூஸ்பரியில் தங்கினோம். அங்கிருந்து நைட்டனுக்குச் சின்ன ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அம்மா வழி முழுக்கக் கைப்பையைத் திறந்து அழைப்பிதழைப் பார்த்து மூடினார்.

நைட்டனில் ரயில் நிலையம் இங்கிலாந்துக்குள், ஊர் வேல்சுக்குள். அம்மா நிலையத்தைவிட்டு நகரவில்லை.

"சொல்ல வந்தவளை ஸ்டேசனிலை வந்து கூட்டிக்கொண்டு போகத் தெரியாதோ அவளுக்கு?"

ஃபோனில் சின்னம்மா, "சொல்ல வாறவை வீட்டுக்குத்தானே பிள்ளை வரவேணும்" என்றார்.

இரண்டும் வேண்டாம், மண்மேட்டுக்கு வாருங்கள் என்று இருவரிடமும் கெஞ்சினேன்.

மேடு நான் நினைத்ததைவிடச் சின்னது. புல் மூடிய திட்டு, மேற்குப் பக்கம் பள்ளம். அம்மா மேட்டில் நின்றார், சின்னம்மா பள்ளத்தில். நடுவில் நான்.

"கொம்மாவுக்குக் குளிருதோ எண்டு கேள்" என்றார் சின்னம்மா என்னிடம்.

"குளிரேல்லை எண்டு சொல்லு. பரிசிலை இதைவிடக் குளிர்."

"ஓம், பரிஸ்காரிக்கு எல்லாம் பெரிசுதான்."

அம்மா அழைப்பிதழை என் கையில் வைத்து, "குடு" என்றார். நீட்டினேன். சின்னம்மா இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"மண்திட்டிலை வைச்சுத் தந்தால் சொன்னதாகுமோ? வாசலுக்கு வரச் சொல்லு."

"கூப்பிடச் சொல்லு, வாறன்."

"நான் ஏன் கூப்பிட? கலியாணம் எனக்கோ?"

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அழைப்பிதழ் அம்மாவின் பைக்கே திரும்பியது. புறப்படும்போது சின்னம்மா தன் கழுத்துத் துண்டை அவிழ்த்து, யாருக்கென்று சொல்லாமல் என் தோளில் போட்டார். ரயிலில் அம்மா அதை எடுத்துச் சுற்றிக்கொண்டார். கார் து நோரில் இறங்கியபோதும் கழற்றவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருந்தாலும் பிரித்தானிய முன்னனுமதியை இணையத்தில் எடுத்துவிடுங்கள். நைட்டனுக்கு ரயில்கள் குறைவு, ஞாயிறு இன்னும் மோசம். சேறு வழுக்கும், நல்ல சப்பாத்துப் போடுங்கள். மேடு ஆட்களைத் தடுக்கக் கட்டியதா, எல்லையைக் காட்ட மட்டும் கட்டியதா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஏறி இறங்க அரை நிமிடம்கூட ஆகாது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

கேட்கக் கூச்சப்பட்டுக் கடைசிக்கு வைத்த ஒன்று. சின்னம்மா, நீங்கள் சத்தமில்லாமல் என் பதிவுகளை வாசிப்பது எனக்குத் தெரியும். இது அழைப்பு இல்லை. அடுத்த மாதம் அம்மாவை மறுபடி கூட்டி வருகிறேன். உங்கள் வாசல்வரை கொண்டுவந்து நிறுத்துவது என் பொறுப்பு. அப்போது குளிருதோ என்று என்னிடம் கேட்காதீர்கள். அம்மாவிடம் கேளுங்கள்.