மாமாவின் தக்கை

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல், சாவிக்கொத்தும் தீர்ந்துபோன பேனாக்களும் கிடக்கும் பிளாஸ்டிக் தட்டில் ஒரு தக்கை இருக்கிறது. தூண்டில் நரம்பில் கட்டித் தண்ணீரில் மிதக்கவிடுகிற தக்கை. தெர்மாகோலை முட்டை வடிவத்தில் அறுத்து, தறிக்காரர்கள் ஊடை நூல் சுற்றும் தார்க்குச்சி ஒன்றை நடுவில் செருகி, மேல் முனையில் அரக்குச் சிவப்புப் பட்டிழையை நெருக்கமாகச் சுற்றிச் செய்தது. கடையில் விற்கிற கலர் தக்கையெல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் இதைச் செய்த மனுஷன் ஆயுசில் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. அவர் என் மாமனார். இப்படி எழுதும்போதே கை தயங்குகிறது, ஏனென்றால் ஊர் கணக்கில் என் மாமனார் இப்போது வேறொருவர். வாலாஜாபாத்தில் இருக்கிறார், நல்ல மனிதர், நான் இதை எழுதுவது அவருக்குத் தெரிந்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் முசரவாக்கத்துக்காரன். காஞ்சிபுரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மாமா பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவர். அவர் வீட்டில் தார் சுற்றும் சின்ன மோட்டார் புகைந்துபோய், அதைக் கட்டைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தவள்தான் அவருடைய ஒரே மகள். மோட்டார் சரியாகிப் போன பிறகும் ஏதாவது ஒரு சாக்கில் வந்துகொண்டிருந்தாள். அவர்கள் நெசவுக்காரர்கள், நாங்கள் நிலம் வைத்திருந்தவர்கள், ஆகவே இரண்டு வீட்டிலும் கத்திக் கூச்சல் போட்டுத்தான் அந்தக் கல்யாணம் நடந்தது. கல்யாணமாகி வெகுநாள் வரை மாமா என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டார். மரியாதைக்குக் குறைவில்லை. வாங்க தம்பி, சாப்பிடுங்க தம்பி, போய்ட்டு வாங்க தம்பி. ஆனால் உள்ளே விடாத மரியாதை அது. பிறகு ஒருநாள் அதே மோட்டார் மறுபடி நின்றுபோக, நான் அவர் வீட்டுத் தரையிலேயே உட்கார்ந்து பிரித்துக் கட்டி சுவிட்சைப் போட்டேன். ராட்டை விர்ரென்று சுற்றியது. அவர் தறிக்குழியிலிருந்தபடியே, "மாப்ள, சுத்துது!" என்று கத்திவிட்டார். கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அடுப்படியில் அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து நான் மாப்ள.

அவள் ஓர் ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தவள் பிழைக்கவில்லை. தீபாவளிக்கு எடுத்த புடவையைப் பிரிக்கக்கூட இல்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. மாமியார் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, ஒரு சாவில் வீட்டுக்கொரு ஆம்பளையாக மிஞ்சினோம். எனக்காவது கூட அம்மா இருந்தாள். அவருக்குத் தறி மட்டும்தான். அந்த வருஷம் எப்படிப் போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தனியாக உட்கார்ந்தால் போதும், யாராவது வந்துவிடுவார்கள். டீக்கடையில், பஸ் நிறுத்தத்தில், சொந்தக் கடையில்கூட. "இன்னாபா, இப்டி தனியா குந்திக்கினு கீற?" என்று ஒரு கேள்வி. அதற்குப் பதில் சொல்லியே மனுஷன் செத்துவிடுவான். அப்புறம்தான் எனக்கு ஒன்று புரிந்தது. கையில் தூண்டில் இருந்தால் எத்தனை நேரம் தனியாக உட்கார்ந்திருந்தாலும் ஒருவனும் ஏன் என்று கேட்பதில்லை. மீன் மாட்டிச்சா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுவான். சின்ன வயதில் விட்ட பழக்கத்தை நான் திரும்பப் பிடித்தது மீனுக்காக இல்லை.

அதுவும் மார்கழி இதற்கு வாகான மாதம். மழை முடிந்து எங்கள் ஊர் ஏரி கரை தொட்டு நிற்கும். எங்கள் பக்கம் பல வீடுகளில் அந்த மாதம் மீன் சட்டி அடுப்பில் ஏறாது. ஆகவே கரையில் போட்டிக்கு ஆள் இருக்காது. பிடித்ததை முள் எடுத்துத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்துவிடுவேன். அவளுடைய முதல் திவசம் முடிந்து வந்த மார்கழியில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, நான் அப்படி உட்கார்ந்திருந்தபோது கரைமேல் டிவிஎஸ் ஃபிஃப்டி சத்தம் கேட்டது. பார்த்தால் மாமா. காதை மறைத்து மப்ளர், கையில் தூக்குப் பை. அவருக்கு என்னவோ ஏதோ என்று எழுந்துவிட்டேன். அவர் நிதானமாக இறங்கி வந்து, ஈரப் புல்லில் துண்டை விரித்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் ஒண்ணு குடுங்க மாப்ள," என்றார். பிறந்ததிலிருந்து தறிக்குழியும் கோவிலும் தவிர வேறெங்கும் உட்கார்ந்தறியாத மனிதர்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தேன். பனிக்காலத்து மீன் சோம்பேறி. வெயில் ஏறித் தண்ணீர் கொஞ்சம் சூடாகிற வரை அடியிலேயே மந்தமாகக் கிடக்கும். அதனால் விடிகாலையில் போய் விறைத்துக்கொண்டு நிற்பதெல்லாம் வீண், எட்டு மணிக்குமேல் வந்தால் போதும். வெயில் முதலில் விழுகிற கரையாகப் பார்த்து உட்கார வேண்டும். தக்கையை மேலே தள்ளிக் கட்டி முள்ளை ஆழத்தில் இறக்க வேண்டும். நரம்பு மெல்லிசாக, முள் சின்னதாக இருக்க வேண்டும். மண்புழுவை முழுசாகக் கோக்காமல் கிள்ளித் துண்டாகப் போட வேண்டும், குளிரில் மீனுக்குப் பசி அவ்வளவுதான். புழு கிடைக்காத நாளில் மைதா உருண்டை, கொஞ்சம் பெருங்காயம் போட்டது. வெளிநாட்டுக்காரர்கள் உறைபனியில் ஏரிக்கரையில் நின்று ட்ரவுட் மீன் பிடிக்கிற வீடியோவைச் செல்போனில் காட்டினேன். அவர்களும் அதையேதான் சொல்கிறார்கள், மெல்லிசு நரம்பு, சின்ன இரை, அவசரப்படாதே. மாமா போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "பாவம், அவனுக்கும் வூட்டுல யாரும் இல்ல போல," என்றார்.

இரை விஷயத்தில் மட்டும் அவர் என்னைக் கேட்கவில்லை. அடுத்த வாரம் மைதாவைத் தண்ணீரில் பிசையாமல், தறியில் ஏற்றும் பாவு நூலுக்கு விறைப்பு வரப் போடும் அரிசிக் கஞ்சியில் பிசைந்து கொண்டுவந்தார். உருண்டை தண்ணீரில் கரையவே இல்லை. எனக்கே ஆச்சரியம். அதற்கு அடுத்த வாரம் மந்தாரை இலை வாசனையோடு ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். கோவில் இட்லி. சுக்கும் மிளகும் சீரகமும் மணக்கிற அந்த இட்லியைப் பிட்டு முள்ளில் குத்தினார். நான் பதறிப்போய், "மாமா, பெருமாள் பிரசாதம்!" என்றேன். "பெருமாளே ஒரு தபா மீனா வந்தவர்தானே மாப்ள, அவர் சோத்த அவருக்குப் போடறேன், உனக்கின்னா," என்றார். பேச்சுவாக்கில் 'உனக்கு' என்று ஒருமையில் விழுந்துவிட்டது. இருவரும் சிரித்தோம். அவள் போன பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான். உண்மையைச் சொன்னால், இட்லிக்குக் கெண்டை நன்றாகவே கடித்தது.

கடித்து என்ன புண்ணியம், அவர் பிடித்தால்தானே! தக்கை ஒரு துடிப்பு துடித்து உள்ளே போகும். அந்த நொடியில் மணிக்கட்டைச் சுண்டி இழுக்க வேண்டும், அப்போதுதான் முள் தைக்கும். மாமா என்ன செய்வார் தெரியுமா? நரம்பு இறுகியதும் கையை முன்னால் நீட்டி விட்டுக்கொடுப்பார். பட்டிழையோடு புழங்கிய கை அது. இழை எங்கேயாவது மாட்டி இறுகினால் நெசவுக்காரன் இழுக்க மாட்டான், இழுத்தால் அறுந்துவிடும், முதலில் தளர்த்துவான். அந்தப் புத்தி விரலுக்குள் போய்விட்டது. நான், "இழுங்க மாமா!" என்று கரையே அதிரக் கத்துவேன். அவர், "இரு மாப்ள, இறுக்கமா கீது," என்று இன்னும் கொஞ்சம் விடுவார். மீன் இரையைத் தின்றுவிட்டுச் சாவகாசமாகப் போகும். ஒவ்வொரு வாரமும் இதே கூத்து. எனக்குக் கோபம் தலைக்கு ஏறும். "பட்டு இல்ல மாமா இது, நைலான், யானையக் கட்டி இழுத்தாலும் அறுவாது," என்று வெறும் நரம்பை இழுத்தே காட்டினேன். தலையை ஆட்டினார். மறுபடி தக்கை போனதும் மறுபடி விட்டுக்கொடுத்தார்.

இத்தனை கூத்துக்கும் அடியில் நான் அவரிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. திவசம் முடிந்த கையோடு அம்மா வாலாஜாபாத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டாள். "எனக்கப்புறம் உனக்குச் சோறு போட யார்ரா இருக்காங்க? தை பொறக்கட்டும், போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்," என்று முடிவே கட்டிவிட்டாள். மார்கழியில் நல்ல காரியம் பேசக் கூடாது என்பதால்தான் அந்த ஒரு மாதம் எனக்குக் கிடைத்திருந்தது. எனக்கும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ராத்திரி இருட்டிய அறையைத் திறந்து உள்ளே போவதற்கு எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் நிஜம். ஆனால் மாமாவிடம் இதை எப்படிச் சொல்வது? அவருக்கென்று பூமியில் மிச்சமிருந்த ஒரே உறவு 'மாப்ள' என்ற அந்த ஒரு கூப்பிடல். நான் இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டால் அவர் யாரை அப்படிக் கூப்பிடுவார்? ஒவ்வொரு ஞாயிறும் இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று போவேன். அவர் இலைப் பொட்டலத்தைப் பிரிப்பார், நான் புழுவைக் கிள்ளுவேன், வெயில் ஏறிவிடும்.

மார்கழியின் கடைசி ஞாயிறு வந்தது. அன்று அவர் தானே செய்த இந்தத் தக்கையைக் கொண்டுவந்திருந்தார். கட்டிவிட்டேன். சிவப்பு முனை தண்ணீரில் எடுப்பாகத் தெரிந்தது. வெகுநேரம் கழித்து அது சரேலென்று உள்ளே போனது. "இழுங்க மாமா!" என்றேன். அவர் வழக்கம்போலக் கையை நீட்டிவிட்டார். நரம்பு தளர்ந்தது, தக்கை மேலே வந்து ஆடியது. அதைப் பார்த்துக்கொண்டே, "பொண்ணு வாலாஜாபாத்தாமே," என்றார்.

"உங்கம்மா கார்த்திகையிலயே வூட்டுக்கு வந்து கேட்டாங்க," என்றார் அவர். "போட்டோ காட்டினாங்க. லட்சணமா கீது பொண்ணு. நான்தான் ஆவட்டும்மான்னு சொன்னேன். தை பொறந்தா நீங்க இன்னொரு வூட்டு மாப்ள. நடுவுல மார்கழி ஒரு மாசம் இருக்குதே, அதுவரைக்கும் என் மாப்ளதானேன்னுதான் இங்க வந்துக்கினு இருந்தேன்."

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அடக்கவில்லை. "எப்பவும் நீங்கதான் மாமா," என்றேன். அவர் என் முதுகில் கையை வைத்தார். "அப்டி இல்லபா. அந்தப் பொண்ணோட அப்பா இருக்காரு. பழைய வூட்டு ஆளு இன்னும் வந்துக்கினு போய்க்கினு இருந்தா அவர் மனசு எப்டி இருக்கும்? நானும் பொண்ணப் பெத்தவன்," என்றார். பிறகு தன் தூண்டிலைச் சுருட்டி, தக்கையை மட்டும் அவிழ்த்து என் சட்டைப் பையில் போட்டார். டிவிஎஸ் கரையேறிப் போகும்வரை நான் எழுந்திருக்கவே இல்லை.

தையில் பெண் பார்த்து, மாசியில் கல்யாணம் ஆனது. அவர் வரவில்லை. ஒரு பட்டு வேட்டியைத் தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்பினார். என் மனைவிக்கு எல்லாம் தெரியும். "அவர ஒரு நாள் கூட்டிக்கினு வாங்களேன், நானா வேணாங்கறேன்?" என்று அவளே பலமுறை சொல்லிவிட்டாள். மார்கழி வந்தால் நானும் போன் செய்வேன். "பனி ஒத்துக்கல," என்பார். போன வாரம் அவரே கடைக்கு வந்தார். கட்டைப் பையில் அதே மோட்டார். மெலிந்துவிட்டார். "தம்பி, இதக் கொஞ்சம் பாருங்க," என்றார். தம்பி. பழைய கம்பியை உருவிப் புதுக் காயில் கட்டி, அவர் பார்க்க சுவிட்சைப் போட்டேன். விர்ரென்று சுற்றியது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன், வெட்கம் இல்லாமல் காத்திருந்தேன். அவருக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும். வாயைத் திறந்து, மூடி, மப்ளரைச் சரிசெய்துகொண்டார். "நல்லா சுத்துது தம்பி," என்றார். பையைத் தூக்கிக்கொண்டு போய் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

இன்று காலை ஃபிரிட்ஜ் மேலிருந்து தக்கையை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். பட்டிழை சாயம் மங்கவே இல்லை. கரையில் யாரும் இல்லை. கோவில் இட்லியைப் பிட்டுக் குத்தி, வெயில் விழுகிற பக்கமாக வீசிவிட்டு உட்கார்ந்தேன். எப்போதும்போல இடது பக்கம் மாமாவுக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். பனி விலகி ஏரி வெளுத்தபோது சிவப்பு முனை ஒரு துடிப்பு துடித்து உள்ளே போனது. தூண்டில் என் கையில்தான் இருந்தது. ஆனால் நான் அந்த வெறும் இடத்தைப் பார்த்துத் திரும்பி, கரை அதிர, "இழுங்க மாமா!" என்று கத்திவிட்டேன்.